தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள மனைவிக்கு,

டாக்டர் என் விரல் மூட்டுகளை அமுக்கிப் பார்த்தார். "உங்க எதிர்ப்புச் சக்திக்கு ஆள் அடையாளம் தெரியல சார். சொந்த மூட்டையே கிருமின்னு நெனச்சு அடிக்குது; அதான் வீக்கம்," என்றார். வங்கி வாசலில் காவல் காத்து ஓய்வுபெற்றவனுக்கு இப்படிப்பட்ட காவலாளிகள் வாய்த்தது அவமானம்தான்.

மதியத்துக்கு மேல் விரல்கள் மடங்குகின்றன. அதனால் இப்போது எழுதுகிறேன். காலையில் அவை சுடுகின்றன, வேறு யாருடையவோ போல விறைத்துக் கிடக்கின்றன. நேற்று தபால்காரர் தட்டியபோது தாழ்ப்பாளுடன் மல்லுக்கட்டினேன். "உள்ள யாருங்க?" என்றார். பதில் சொல்லச் சற்று யோசிக்க வேண்டியிருந்தது.

மற்றபடி சௌக்கியம். கோபித்துக்கொண்டு போனபோது நீ எடுத்துப்போன சாவி பத்திரமாக இருக்கட்டும். இனிமேல் தாழ்ப்பாள் போடப்போவதில்லை. காலையில் வந்தால் தட்டாதே; திறந்து உள்ளே வந்து, இருப்பது நான்தானா என்று பார்த்துச் சொல்.

உன் வீட்டுக்காரன்