மச்சாள் பின்னிய சுவெற்றர்

ஒக்டோபர் 8, செவ்வாய்

லோறி,

நீ இருக்கும்வரை ஆட்களுக்கு முன்னால் உன்னை ‘இஞ்சருங்கோ’ என்றுதான் கூப்பிட்டேன். லோறன்ஸ் என்ற பேரை லோறியாக்கினது அறைக்குள் மட்டும். இனி எழுத்திலும் லோறிதான். அதோடு நீ, வா, போ எல்லாம்தான். கோபமென்றால் எழும்பி வந்து கேள்.

இன்றைக்கு உன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன். இப்போது கை வரவில்லை.

ஒக்டோபர் 9

சரி, சொல்லுகிறேன்.

குளிர் தொடங்கப் போகிறது, அப்பாவின் உடுப்புகளைக் கோயிலில் குடுத்தால் யாராவது போடுவார்கள் என்று றூபன் நச்சரித்துக்கொண்டே இருந்தான். உன் மகன் சொன்னால் ஞாயம்தான். ஆனால் செத்தவரின் உடுப்பைக் கொதிதண்ணீரில் தோய்க்காமல் இன்னொருவர் கையில் குடுக்கலாமா? அந்த வழக்கம் எங்கள் வீட்டிலும் இல்லை, உங்கள் வீட்டிலும் இல்லை. எங்கள் மெசினில் தொண்ணூறு என்று ஒரு இலக்கம் இருக்கிறது, ஒருநாளும் தொட்டதில்லை. அதில் திருப்பிவிட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு பெரிய கெட்டிக்காரி மாதிரி இருந்தேன்.

உன் நோர்வேச் சுவெற்றரும் அதற்குள் போயிருக்கிறது. உன் தங்கச்சி ரோசாலி பின்னி அனுப்பினது. நீலத்தில் வெள்ளை நட்சத்திரம். அதைக் குடுக்க நான் எடுக்கவேயில்லை, சத்தியமாய். என் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. போர்வையோடு சேர்த்து அள்ளிவிட்டேன் போல.

மெசினைத் திறந்து எடுத்தால், லோறி, உன் சுவெற்றர் ஒரு ஐந்து வயதுப் பிள்ளையின் அளவு. பலகை மாதிரி. மேசையில் நிறுத்தினேன், நிற்கிறது. அழத்தான் வாயைத் திறந்தேன், அது நிற்கிற நிலையைப் பார்க்கச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது. உன் மணம் ஒரு துளியும் இல்லை. சவர்க்காரம் மணக்குது.

ஒக்டோபர் 12

படத்தை நேராக்கிவிட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நீயும் எவ்வளவு நேரம் இருப்பாய்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

ரோசாலி நோர்வேயிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். தை மாதம் உன் ஆண்டுப் பூசைக்கு வருகிறாளாம். அதோடு விட்டாளா?

“மச்சாள், அண்ணையின்ர வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம். நான் பின்னின அந்தச் சுவெற்றரை மட்டும் தாங்கோ. கட்டிப் பிடிச்சுக்கொண்டு கிடப்பன்.”

“ஓம் ஓம், பெட்டிக்குள்ளை பத்திரமாய்க் கிடக்கு” என்றேன். வாய் தன்பாட்டுக்குச் சொன்னது. நான் என்ன செய்ய?

உள்ளதைச் சொல்லுங்கோவன் மம்மா, ஒரு சுவெற்றர்தானே என்று றூபன் பிரெஞ்சில் சொல்லுகிறான். பிரெஞ்சில் எல்லாம் லேசாய்த்தான் இருக்கும்.

உன் செத்தவீட்டில் ரோசாலி என் காதுக்குள் என்ன சொன்னாள் என்று அவனுக்குத் தெரியாது. உனக்கும் நான் சொல்லவில்லை. “கொஞ்சம் முந்தி டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம், மச்சாள்.” அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் நானும் திருப்பிச் சத்தம் போட்டிருப்பேன். மெல்லச் சொன்னபடியால் இன்னும் உள்ளுக்கே கிடக்கிறது. உன்னைக் கூப்பிட்டேனா இல்லையா? தள்ளாத குறையாய்க் கூப்பிட்டேன். வயிற்றில் வாய்வு என்று சொல்லிவிட்டுப் படுத்தவன் யார்?

இப்போது சுவெற்றரையும் கண்டாளென்றால் முடிந்தது. அண்ணையையும் பார்க்கேல்லை, அண்ணையின்ர உடுப்பையும் பார்க்கேல்லை என்பாள். பிறகு எடுக்கமாட்டாள். நீ சின்ன வயதில் மாங்காய் களவெடுத்து அடி வாங்கின கதை சொல்ல எனக்கு இந்த உலகத்தில் அவளை விட்டால் வேறு ஆள் இல்லை.

ஒக்டோபர் 22

கீழ்க் கடையில் சட்டை தைக்கிற சிவமணிக்குக் காட்டினேன். கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“கொறற்றி அக்கா, இதுக்குள்ளை லோறன்ஸ் அண்ணையின்ர ஒரு கை போகும். மற்றக் கைக்கு இன்னொண்டு வேணும்.”

பிறகு சொன்னாள்: “றூபன் வயித்திலை இருக்கேக்கை கால்மேசு, தொப்பியெல்லாம் பின்னினீங்கள்தானே. இதென்ன, பெரிய மேசு. பின்னிவிடுங்கோ.”

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மடத்துச் சிஸ்டர் பின்னலுக்கு மட்டும் என்னை மெச்சினவ. பெரிய மேசு என்றே நினைப்போம்.

ஒக்டோபர் 24

நூல் கடைக்குச் சுருங்கினதையே கொண்டுபோய் நிறம் காட்டினேன். கடைக்காரி பிரெஞ்சுக்காரி, நல்ல மனுசி. என்ன வடிவான சட்டை, பிள்ளைக்கா என்று கேட்டாள். ஓம் என்றேன். நான் அள்ளி வைத்த நூலைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு என்ன வயது என்றாள்.

அறுபத்திநாலு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 2

ஆத்துமாக்கள் திருநாள். சேமக்காலைக்கு வந்தது நீயும் கண்டிருப்பாய். எல்லாரும் பூச்சட்டியோடு நிற்க, நான் பையிலிருந்து பின்னலை எடுத்து உன் கல்லுக்கு மேல் விரித்து அளவு பார்த்தேன். ஒரு சாண் உயரம் வந்திருக்கிறது. பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைத்த பிரெஞ்சுக் கிழவி என்னையும் பார்த்தாள், கல்லையும் பார்த்தாள். குளிருமெல்லோ என்றேன். தலையாட்டினாள். அவளுக்கு விளங்கினது.

நவம்பர் 14

ஏனப்பா இவ்வளவு அகலமாய் இருந்தாய்? ஒரு சுற்றுப் போய் வரத் தேத்தண்ணி ஆறிவிடுகிறது.

நவம்பர் 19

ரெலிபோனில் ஒரு நோர்வேக்காரியைப் பிடித்திருக்கிறேன். வீடியோவில் அவளுக்கு முகம் இல்லை, கைகள் மட்டும்தான். வாயே திறக்கமாட்டாள். நீல நூல் ஒரு விரலில், வெள்ளை ஒரு விரலில். நானும் அப்படியே. சென் தெனியில் ஒபிசுகள் கூட்டித் துடைத்துவிட்டு வரும்போது மெத்ரோவிலும் பின்னுகிறேன். முன்னால் இருக்கிற பெட்டையள் ரெலிபோனை விட்டுவிட்டு என் கையைப் பார்க்குதுகள். எனக்குக் கொஞ்சம் கெப்பர் வந்துவிட்டது, மறைக்காமல் சொல்லுகிறேன்.

நவம்பர் 30

எல்லாவற்றையும் குலைத்தேன். நெஞ்சு இடத்தில் இறுகிப்போச்சு, உன்ர மூச்சு அதுக்குள்ளை நிக்காது. பிறகு யோசிக்கிறேன் — எந்த மூச்சு? ஆருக்குப் பின்னுறன் நான்? மூச்சில்லாத மனுசனுக்கு இறுகினால் என்ன, தளர்ந்தால் என்ன?

இன்றைக்கு இவ்வளவுதான்.

டிசம்பர் 1

தளர்த்தித் திரும்பத் தொடங்கியாச்சு.

டிசம்பர் 28

முடிந்தது. கதிரையில் போட்டுவிட்டுப் பார்த்தேன். யாரோ எழும்பிப் போன மாதிரி இருக்கிறது.

ஆனால் ஒரு கரைச்சல். புதுசு. கடையில் தொங்குகிற மாதிரிப் பளபளவென்று கிடக்கிறது. நீ ஏழெட்டுக் குளிர் போட்டுத் திரிந்தது இப்படியா இருக்கும்?

ஜனவரி 3

சிவமணி மனுசன் ஞானசுந்தரம் உன்னை மாதிரியே ரெஸ்ரோறண்டில் சமைக்கிற கோக்கி. உடம்பும் உன்னில் முக்கால்வாசி வரும். சுவெற்றரைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் நிற்கச் சொல்லிக் குடுத்துவிட்டேன். றோல்ஸ் பொரிக்கிற எண்ணெய்ப் புகை, சிகரெட், வியர்வை. உன் மணத்துக்கு உள்ள சாமான் அவ்வளவும்தான், கோவிக்காதே.

“செத்தவற்றை சட்டை எண்டால் போடமாட்டன்” என்றாராம் அவர்.

“செத்தவர் இதை ஒருநாளும் போடேல்லை, பயப்பிடாமல் போடுங்கோ” என்றாளாம் சிவமணி.

ஜனவரி 13

திருப்பிக் கேட்டால் தரமாட்டேன் என்கிறார். “அக்கா, சூடாய்க் கிடக்கு. எனக்கும் ஒரு தங்கச்சி நோர்வேயிலை இருந்திருக்கலாம்.” கழற்றி வாங்குவதற்குள் சிவமணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. முழங்கையில் நூல் பஞ்சாய்க் கிளம்பியிருக்கிறது. கழுத்தில் மஞ்சள் கறை. நல்ல மனுசன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கதவைப் பூட்டிவிட்டு மணந்தேன்.

வேண்டாம், எழுதமாட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

ரோசாலி வந்துவிட்டாள். மெலிந்துபோனாள். சப்பாத்துக் கழற்றினதும் உன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள், பிறகு என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. நானே பெட்டியைத் திறந்து எடுத்துக் குடுத்தேன்.

முகத்தை உள்ளே புதைத்தாள். கன நேரம்.

“அண்ணையின்ர மணம் அப்பிடியே கிடக்கு” என்றாள்.

ஞானசுந்தரத்துக்கு ஒரு போத்தல் வாங்கிக் குடுக்கவேண்டும் என்று நினைத்தேன். சிரிப்பு வரக்கூடாது என்று நாக்கைக் கடித்தேன். பார்த்தால் கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது.

பிறகு மடியில் விரித்து, விரலால் ஒவ்வொரு நட்சத்திரமாய்த் தடவிக்கொண்டு வந்தாள். இடது தோளில் விரல் நின்றது. அந்த நட்சத்திரத்துக்கு ஒரு கால் குறைவு. நத்தார்ப் பண்டிகைக்கு முதல்நாள் றூபன் வந்து மணி அடிக்க, எழும்பின அவசரத்தில் நான் விட்ட பிழை. தைத்து மறைக்கலாம் என்று இருந்து மறந்துபோனேன்.

“இஞ்சை பாருங்கோ மச்சாள். ஒரு கால் காணேல்லை.”

நான் குனிந்து பார்த்தேன்.

“அண்ணையோடை ரெலிபோனிலை கதைச்சுக்கொண்டு பின்னினனான். அவர் பகிடி விட, எனக்குக் கணக்குப் பிழைச்சுப்போச்சு.” அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். “கை தவறுறது ஆருக்கும் வாறதுதான், மச்சாள்.”

தேத்தண்ணி வைக்கிறேன் என்று குசினிக்குள் போனேன். வைத்த தண்ணீர் வற்றும்வரை அங்கேயே நின்றேன்.

ஜனவரி 25, சனி

உங்கட ஆண்டுப் பூசை. கோயில் நிறைஞ்ச சனம். ரோசாலி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தா. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா நீங்கள்?

ஜனவரி 26

நேற்று ‘நீங்கள்’ என்று எழுதிவிட்டேன். அதை வைத்துக்கொண்டு என் தலையில் ஏறாதே.

இன்றைக்கு உன் தங்கச்சியைச் சோதித்தேன். ஊசியையும் மிஞ்சின நூலையும் எடுத்துக்கொண்டு போய், “மச்சாள், மேசுக்குக் குதி திருப்பிறது மறந்துபோனன், ஒருக்காக் காட்டுங்கோ” என்றேன்.

“கண்ணாடி கொண்டு வரேல்லை” என்றாள்.

அதன்பிறகு தமிழ்ப் பேப்பரை எடுத்து, மரண அறிவித்தலில் கடுகு மாதிரிக் கிடக்கிற எழுத்தெல்லாம் ஒன்று விடாமல் எனக்கு வாசித்துக் காட்டினாள். வில்லியே லே பெல்லில் யாரோ தூரத்துச் சொந்தம் செத்திருக்கிறது என்றும் கண்டுபிடித்தாள்.

ஜனவரி 27

கார் து நோர்ட் ஸ்ரேசனில் எயார்போட்டுக்குப் போகிற ஆர்.இ.ஆர். ரெயினில் ஏற்றிவிட்டேன். குளிராத பெட்டிக்குள்ளும் சுவெற்றரைப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். கை நீளம் விரலை மூடுகிறது. கதவு பூட்ட முன்னம் அந்தக் கையால் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து யோசிக்கிறேன், லோறி. அவள் பின்னினதில் இல்லாத பிழையை அவள் எப்படித் தன் பிழை என்பாள்? ஒன்றில், அவள் ஒருநாளும் பின்னினவளே இல்லை. அங்கே யாரோ நோர்வேக் கிழவியிடம் வாங்கி, நான் பின்னினது என்று உனக்கு அனுப்பியிருக்கிறாள். அப்படியென்றால் என்னைவிடப் பெரிய கள்ளி. இல்லையென்றால் கையில் எடுத்த உடனேயே எல்லாம் தெரிந்து, என் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

சிவமணியிடம் கேட்டேன். “ரெண்டும் இருக்கலாம் அக்கா” என்கிறாள். அவளுக்கு என்ன, சொல்லிவிட்டு மெசினை மிதிப்பாள்.

பெப்ரவரி 9

ஞாயிறு தவறாமல் எடுக்கிறாள். இன்றைக்கு மாங்காய்க் கதையை இன்னொரு விதமாய்ச் சொன்னாள். மரத்தில் ஏறினது அவளாம், அடி வாங்கினதுதான் நீயாம்.

பெப்ரவரி 19, புதன்

நோர்வேயிலிருந்து பாசல். நான் உடுப்பாக்கும் என்று நினைத்தேன். வெட்டிப் பார்த்தால் நூல். நல்ல சாம்பல் நிறமும் சிவப்பும், பஞ்சு மாதிரி. கடிதம் ஒன்றும் இல்லை. உடனே அவளுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

“எனக்கொரு சுவெற்றர் பின்னித் தாங்கோ மச்சாள். கை கொஞ்சம் கட்டையாய் வையுங்கோ.”

இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு சிரித்தோம். யார் முதல் தொடங்கினது என்று தெரியாது. ரெலிபோன் சூடாகும்வரை சிரித்தோம். அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை.

வைக்கிற நேரம், “பச்சைத் தண்ணியிலை மட்டும்தான் தோய்க்கலாமாம், கடைக்காரி சொன்னவள்” என்றாள்.

கடைக்காரி சொன்னவளாம்! பின்னத் தெரிந்தவளுக்கு அதைக் கடைக்காரியா சொல்லவேண்டும்? இல்லாவிட்டால் தொண்ணூறில் போட்டவளுக்குக் குத்திக் காட்டினாளா?

சிவப்பில் தொடங்கியாச்சு. ஒரு சுற்று முடிய இப்போது தேத்தண்ணி ஆறுவதில்லை, உன் தங்கச்சி உன்னில் பாதிதான். நீ நோர்வேக்குப் போய் அவள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவன். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நீ ஒருவன்தான். இதையாவது சொல்லு, லோறி: ரோசாலிக்குப் பின்னத் தெரியுமா, தெரியாதா?