பிறந்த வீட்டுக் கோடி

என் தங்கமான டீச்சருக்கு,

பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி நாலு வரி கேட்டார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீங்கள்? மாட்டைக் கறந்து, அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு, உங்களுக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். ஊரும் படிக்கட்டும்.

என்னை யாரும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. சாமான் கட்டிவந்த காகிதத்தையும் தேவாரம் ஊருக்குப் போகிற பஸ்ஸின் போர்டையும் பார்த்து நானாக எழுத்துக் கூட்டினேன். பால் கணக்கைக் கதவுக்குப் பின்னால் கரியால் எழுதுவேன். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கதவைத் திறந்தே வைத்திருப்பேன். பால் வாங்க வந்த நீங்கள் ஒருநாள் கதவைச் சாத்திப் பார்த்துவிட்டீர்கள். எனக்கு வேர்த்துவிட்டது. “எல்லாம் சரியாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் அக்கா ஒளிச்சு வைக்கிறீங்க?” என்றீர்கள். மறுநாளே வாசல் சுவரில் எழுதினேன். இன்றும் அங்கேதான் எழுதுகிறேன்.

என்னைவிட இளையவர் நீங்கள். ஆனாலும் நீங்கள் தெருவில் வந்தால் எழுந்து நிற்பேன். கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்காமல் வெளியேறி, படித்து, வேலை வாங்கி இந்த ஊருக்கு வந்தீர்கள். அதற்கு ஊர் கொடுத்த பட்டம் வாழாவெட்டி. சித்திரைப் பொங்கலுக்கு உங்களிடம் படித்த பிள்ளைகள் முளைப்பாரி சுமந்து போகும். நீங்கள் எதிரில் வந்தால் சகுனம் ஆகாது என்று பள்ளிக்கூடத்து கேட்டுக்கு உள்ளேயே நின்று பார்ப்பீர்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை டீச்சர்.

நீங்கள் போன அன்று நடந்ததை உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நானே சொல்கிறேன்.

பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அதைச் சாத்தினால்தான் மேளத்தோடு பெரிய தெரு வழியே எடுப்பார்கள். உங்கள் அண்ணனுக்குக் கொடுத்த தந்திக்குப் பதில் இல்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. என் மாமனாரின் அண்ணன், ஊருக்கே பெரியவர், தீர்ப்புச் சொன்னார்.

“கோடி வரல. தெக்கு ஓடை வழியாத் தூக்கிட்டுப் போயிருங்கப்பா. வாழாவெட்டிக்குத் தெருவும் மேளமும் கேக்குதாக்கும்.”

நான் வீட்டுக்கு ஓடினேன். தீபாவளிக்கு எடுத்து உடுத்தாமல் வைத்திருந்த அரக்குச் சேலையைத் தாம்பாளத்தில் வைத்து, மஞ்சளும் பூவும் வைத்துத் தூக்கி வந்தேன்.

“கோடி இந்தா இருக்கு மாமா. நான்தான் அவுக பொறந்த வீடு.”

“ஏத்தா, கிறுக்குப் பிடிச்சிருச்சா? நீ எந்த ஊரு, அவ எந்த ஊரு?”

“நம்ம பிள்ளைகளுக்குப் பேரெழுதச் சொல்லிக் குடுத்தாகளே, அப்ப எந்த ஊருன்னு கேட்டீகளா?”

அவர் வாய் திறக்குமுன் எதிர்வீட்டுக் கருப்பாயி இன்னொரு சேலையோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் டீக்கடைக்காரர் பெண்டாட்டி. அப்புறம் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு.

“ஒருத்திக்கு எத்தனை பொறந்த வீடுடி?” என்று கத்தினார்.

“இந்தத் தெரு பூராம் மாமா.”

“சட்டுன்னு தூக்குங்கப்பா!” என்றாள் கருப்பாயி. “எல்லாம் கடன் சொல்லி எடுத்த சேலை. வெயில்ல வெளுத்துப்போனா அவரா வாங்கித் தருவாரு?”

இழவு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் முந்தானையால் வாயைப் பொத்தியிருப்பீர்கள். மேளக்காரர் மகள் உங்களிடம் படித்தவள். பெரியவர் தலையசைக்கும் வரை அவர் காத்திருக்கவில்லை. பெரிய தெரு வழியாகத்தான் போனீர்கள் டீச்சர்.

இப்போது சித்திரைப் பொங்கல் வருகிறது. போன வாரம் பெரிய மாமா வீட்டுக்கே வந்தார். எழுந்து நின்றேன், மோர் கொடுத்தேன். பெரியவர்களுக்குரிய மரியாதையை நான் என்றைக்குக் குறைத்தேன்? மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: “ஊருக்கு முன்னால தேங்காபழம் வச்சு, கோடி போட்டது தப்புன்னு விழுந்து கும்பிடு. இல்ல, பொறந்த வீடுதான்னு நின்னீன்னா வருசம் பூராம் உனக்குத் தீட்டு. முளைப்பாரி எடுக்கக் கூடாது.”

பாருங்கள், என் வாயாலேயே என்னைக் கட்டப் பார்க்கிறார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் அம்மனுக்கு முளைப்பாரி எடுத்தவள் நான். அதைத் தொட்டால் விழுந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

“கட்டிக்குடுத்த பொண்ணு செத்தா பொறந்த வீட்டுக்கு மூணு நாள்தான் தீட்டு மாமா. வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மூணு நாளும் நான் விளக்கேத்தல, கோயில் படி மிதிக்கல. தலை முழுகித் தீட்டுக் கழிச்சாச்சு.”

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சாயங்காலம் குயவர் வீட்டிலிருந்து முளைப்பாரிச் சட்டி வாங்கி வந்தார். வழக்கமாக ஒன்று. இந்தத் தடவை இரண்டு. “ரெண்டாவது யாருக்குன்னு கேக்காத” என்று கை கழுவப் போய்விட்டார்.

விதை போட்டாயிற்று. இருட்டு அறையில் இரண்டு சட்டியிலும் பயிர் வெளிறிய மஞ்சளாக எழுந்து நிற்கிறது. கோயில் வாசலில் மறிப்பார்களா? மறிக்கட்டும். அம்மன் மறிக்க மாட்டாள். என் சட்டி என் தலையில், உங்கள் சட்டி கருப்பாயி தலையில். பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வெளியே, நடுத்தெருவில் இரண்டையும் இறக்கி, சுற்றிக் கும்மியடித்துவிட்டுத்தான் கோயிலுக்குத் தூக்குவோம். நான் இருக்கிற வரை ஒவ்வொரு சித்திரைக்கும் இது நடக்கும்.

இனி நீங்கள் கேட்டுக்கு உள்ளே நிற்க வேண்டாம். வெளியே வாருங்கள்.

உங்கள் பிறந்த வீட்டு அக்கா,
பேச்சியம்மாள்