தாளில் இருந்த நாலு பழக்கங்கள்

அட்-பாஷி கிராமம்,
மார்ச் 14.

மதிப்பிற்குரிய துருஸ்பெக் அவர்களுக்கு, உங்கள் மனைவி பெர்மெத் எழுதுவது. அத்தையும் ஆடுகளும் சுகம். என் சுகத்தைத்தான் ரஷ்யாவிலிருந்தே போனில் நீங்கள் கவனித்துக்கொள்கிறீர்களே!

மனநலத்துக்கு நாலு பழக்கமாம். ஒரு தாளைப் படமெடுத்து, ஒரு மாதமாக விடிந்ததும் அதையே அனுப்புகிறீர்கள். வேறு ஒரு வார்த்தை கிடையாது. 'அரை மணி நேரம் நடக்கவும்.' நேற்று நம் குதிரை, மேட்டைத் தாண்டி ஓடிவிட்டது. முழங்கால் புதையும் பனியில் பொழுது சாயும்வரை தேடினேன். போதுமா? 'மூச்சை எண்ணவும்.' சாண அடுப்பின் முன்னால் இருமலைத்தான் எண்ணலாம். 'மூன்று நல்ல விஷயங்களை எழுதவும்.' எழுதினேன். ஆடு இரட்டைக் குட்டி போட்டது. அத்தை சூப்பைக் குறை சொல்லவில்லை. மூன்றாவது அகப்படவில்லை. எந்த வெட்டிப்பயல் எழுதியது இதை?

'மனம் விட்டுப் பேசவும்' என்றிருந்ததே என்று, முந்தாநாள் பக்கத்து வீட்டு சைராவை டீக்குக் கூப்பிட்டேன். "புருஷன் ரஷ்யாவுல நல்லா சம்பாதிக்கிறான், ஒனக்கென்னடி கொறச்சல்?" என்றாள். இருக்கச் சொல்பவர்களுக்குத்தானே கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றுவோம்; நான் கிண்ணம் வழிய ஊற்றினேன். கிளம்பு என்கிறேன் என்று புரிந்து, குடிக்காமலே எழுந்து போனாள்.

அன்று மாலை உங்கள் அறைத்தோழர் கெங்கெஷ் போன் செய்தார். "அண்ணி, அந்தத் தாளு அண்ணனுக்கு டாக்டர் குடுத்தது. பன்னெண்டு நாளா வேலைக்குப் போகல. செவுத்தப் பாத்துப் படுத்திருக்காரு. காலையில அதை ஒங்களுக்கு அனுப்பத்தான் எந்திரிக்கிறாரு" என்றார்.

எனக்கு வந்த கோபம்! உங்கள் மேல், அந்தத் தாளின் மேல், ஒரு மாதமாக அதைப் பார்த்துச் சிரித்த என் மேல். மருந்தை என் வாயில் ஊற்றினால் உங்கள் காய்ச்சல் இறங்குமா? பயமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுத உங்களுக்கு வெட்கம். எனக்கு வெட்கமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

போனில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று வைத்துவிடுவீர்கள். அதனால் இதை, இங்கிருந்து ரஷ்யாவுக்குக் கிளம்பும் கெங்கெஷின் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை அவன் எதிரிலேயே நிற்பான். பிறகு கெங்கெஷ் உங்களை ஊருக்குப் பஸ் ஏற்றிவிடுவார். வேலை கிடக்கட்டும்.

உங்கள் வழி வெள்ளையாக, தடையில்லாமல் இருக்கட்டும் என்று அத்தை ஆசி சொல்லச் சொன்னார். நீங்கள் வருவதை மட்டும்தான் அவரிடம் சொன்னேன், விஷயத்தைச் சொல்லவில்லை. வந்து அடுப்போரம் உட்காருங்கள். பேசவேண்டாம். உங்கள் கிண்ணத்தில் இரண்டு வாய்க்கு மேல் ஊற்றமாட்டேன். தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருப்பேன்.

பெர்மெத்