நாற்பது கட்டு வெள்ளைத் துணி

டொக்யாட் வீதி,
திருகோணமலை.
18.11.1957

அன்பின் கமலாதேவிக்கு,

மழையைத் தவிர எனக்கு இங்கு ஒரு குறையும் இல்லை. இந்த வரியை இப்போதுதான் எழுதினேன். திரும்ப வாசித்தால் பொய்யாகத் தெரிகிறது. இருக்கட்டும், வெட்டி அழித்தால் கடிதத்தின் அழகு கெட்டுவிடும். நீரும் பவளராணியும் மாமியும் சுகமாக இருக்கக் கோணேசரை வேண்டுகிறேன்.

மாமிக்குக் கால் வலி, அதனால்தான் நீர் சம்பூருக்குப் போயிருக்கிறீர் என்று தெருவில் கேட்பவர்களுக்குச் சொல்லி வருகிறேன். இரண்டு மாதமாக ஒரே கால் வலி. பவளராணியை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டீர் என்று மூதூர் லோஞ்சில் கடல் தாண்டி வந்த ஒருவர் சொன்னார். விருந்துக்குப் போன பிள்ளையை யாரும் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதில்லை. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

வெள்ளைக்காரர் தளத்தை ஒப்படைத்து ஒரு மாதமாகிறது. துறைமுகம் வெறுமனே கிடக்கிறது. ஆனால் விடிகிற நேரத்தில் மழைப் புகார் பனிமூட்டம்போல் இறங்கும்போது கடைவாசலில் நின்று பார்க்க வேண்டும். புகாருக்குள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல், அதன் பின்னால் இன்னொன்று. படகுகளில் வெள்ளைச் சட்டைக்காரர் இறங்கி வருகிறார்கள், கமலா. நான் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறேன். வெயில் ஏறியதும் அக்கரைக் காடுதான் தெரிகிறது. ஆனாலும் அவர்கள் திரும்பி வருவார்கள். இவ்வளவு ஆழமான துறைமுகத்தை யார் சும்மா விட்டுப் போவார்கள்? அவர்கள் வந்த அன்றைக்கு, நான் வாங்கி அடுக்கிய நாற்பது கட்டு வெள்ளை ட்ரில் துணியும் ஒரு கிழமை தாங்காது.

ஒரு வேடிக்கை நடந்தது. போன கிழமை கிண்ணியாவிலிருந்து மஹ்ரூப் என்றொருவர் வந்தார். நாலு வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறாராம். துணியை விரலால் நெருடி, வாசலில் காற்றுக்கு எதிரே பிடித்துப் பார்த்து, மாரி முடியுமுன் வள்ளங்களுக்குப் பாய் தைக்க வேண்டும், எத்தனை கட்டு இருக்கிறது என்று கேட்டார். துரைமார் உடுத்துகிற துணியை மீன் வள்ளத்தில் கட்டுவதா? இது அதற்குரிய சாமான் இல்லை என்று அனுப்பிவிட்டேன். நீர் இங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பீர்.

பவளராணிக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உமது
குணரத்தினம்


திருகோணமலை.
27.01.1958

அன்பின் கமலாதேவிக்கு,

உமது கடிதம் மார்கழி வெள்ளத்துக்கு முன்பே வந்து சேர்ந்தது. நாலே நாலு வரி. மூன்று வரி பவளராணியின் இருமலைப் பற்றி. நாலாவது எனக்கு: "அந்தக் கிண்ணியா ஆளைத் தேடிப் போங்கோ. கப்பல் ஒருநாளும் எங்கட கடைக்கு வந்து துணி வாங்கினதில்லை, ஆக்கள்தான் வாங்கினவை."

சிரித்திருப்பீர் என்று நான் எழுதியதற்கு இதுவா பதில் என்று கோபம் வந்தது. கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு வெள்ளம் வந்தது, றோட்டு உடைந்தது, போகாமலிருக்க எனக்கும் ஒரு சாட்டு கிடைத்தது. றோட்டைத் திருத்திவிட்டார்கள். சாட்டு முடிந்துபோயிற்று. போன செவ்வாய்க்கிழமை ஒரு கட்டுத் துணியைத் தோளில் தூக்கிக்கொண்டு கிண்ணியாத் துறையில் பாதைப் படகு ஏறினேன். ஆட்களும் மாடுகளும் நெருக்கியடித்து நின்ற அந்தப் பாதையில் நான் ஒருவன்தான் வெட்கத்தையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போனேன்.

மஹ்ரூப் என்னைப் பார்த்து ஒன்றும் குத்திக் கதைக்கவில்லை. தேத்தண்ணி தந்தார். துணியில் ஒரு முழம் வெட்டச் சொல்லி, கடல் தண்ணீரில் ஊறப் போட்டு, வெயிலில் காயவிட்டார். காயும்வரை இருவரும் கரையில் இருந்தோம். உப்புத் தண்ணீரில் எவ்வளவு சுருங்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, கமலா. பதினைந்து வருடமாக விற்கிற துணி, அது கடைவாசல் தாண்டிய பிறகு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியவில்லை. காய்ந்ததும் அவரே அளந்தார். நாலு விரல் குறைந்திருந்தது.

கப்பல்காரரின் சட்டைக்கு நீர் எப்போதும் நாலு விரல் கூட விட்டு வெட்டுவீர். துணியை வீணாக்குகிறீர் என்று நான் கத்துவேன். அவர்கள் அடுத்த வருடமும் எங்கள் கடையைத் தேடி வந்தது என் வாய்ச் சாலகத்துக்காக என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

ஆவணியில் நான் கொழும்புக்கு ஓடர் எழுதியபோது நீர் சொன்னது நினைவிருக்கிறது. தளத்தில் சமையல் வேலை செய்தவர்கள் சைக்கிளை விற்கிறார்கள், துரைமார் வேலைக்காரரை நிற்பாட்டுகிறார்கள், இப்போது வாங்க வேண்டாம் என்றீர். அடுப்படியோடு குசினியில் நிற்கிற உமக்குக் கப்பல்காரன்ர கதை என்ன தெரியும் என்று கேட்டேன். அடுத்த கிழமை நீர் பிள்ளையோடு லோஞ்ச் ஏறினீர். நான் சொன்னது பிழை. நீர் குசினியில் நின்றபடியே பார்த்ததை நான் கடைவாசலில் நின்றும் பார்க்கவில்லை. பிழை என்று எழுதவே எனக்கு ஐந்து மாதம் எடுத்தது.

மஹ்ரூப் எட்டுக் கட்டுக் கேட்டிருக்கிறார். பவளராணிக்குக் கற்கண்டு அனுப்பியிருக்கிறேன், இருமலுக்கு மிளகோடு கொடுக்கவும்.

உமது
குணரத்தினம்


திருகோணமலை.
10.03.1958

என் அன்பின் கமலாதேவிக்கு,

எட்டுக் கட்டு முப்பத்துநாலு கட்டாகிவிட்டது. மஹ்ரூபின் வள்ளங்களைப் பார்த்து மூதூர்க்காரரும் கேட்டு வந்தார்கள். ஒவ்வொரு பாய்க்கும் சுருக்கத்துக்கு விட்டுத்தான் வெட்டிக் கொடுத்தேன். கத்தரிக்கோல் உம்முடையது.

பாய்ச்சீலையைக் கண்டல் பட்டை அவித்த சாயத்தில் தோய்ப்பார்கள், அப்போதுதான் உக்காது. சாயமிட முன்பு ஒருநாள் தையலைச் சரிபார்க்க வெள்ளையாகவே ஓட்டிப் பார்ப்பார்களாம். சனிக்கிழமை என்னையும் மஹ்ரூப் தன் வள்ளத்தில் ஏற்றினார். கொட்டியாரக் குடாவில் வாடை ஓய்ந்து இளங்காற்று. எங்களுக்கு முன்னும் பின்னும் பதினொரு பாய்கள். நம்முடைய அந்த நாற்பது கட்டில் கிடந்த துணி, கமலா! அலுமாரி மணத்தோடு அடுக்கில் கிடந்தது, வெயிலில் இப்படி நிறைந்து நிற்கும் என்று நான் நினைக்கவேயில்லை. தண்ணீரும் வெள்ளை, வானமும் வெள்ளை, வள்ளம் ஓடுகிறதா நிற்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. சம்பூர்க் கரை தூரத்தில் பச்சைக் கோடாகத் தெரிந்தது. பவளராணி கரையில் நிற்பாளோ என்று கையைக் காட்டினேன். ஆரைப் பாக்கிறீங்க என்று மஹ்ரூப் கேட்டார். வீட்டை என்றேன். வெளிப்படையாகவே எழுதுகிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. கடல் தண்ணீர் தெறித்தது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கரைக்கு வந்ததும் அவர் ஒரு கதை சொன்னார். கடையில் பாதியை அவருக்கு விட்டால் வலை நூலும் கயிறும் போடுவார், மற்றப் பாதியில் நாம் துணி போடலாம், இலாபம் பாதிப் பாதி. கேட்ட உடனேயே எனக்குக் கண்முன்னால் எல்லாம் விரிந்துவிட்டது. மூதூரில் ஒரு கடை, ஈச்சிலம்பற்றில் ஒரு கடை, கடைப் பலகையில் பெரிய எழுத்து. உமக்குத் தெரியும்தானே, என் புத்தி அப்படி. ஓம் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது.

வீட்டில் கேட்டுத்தான் சொல்ல ஏலும் என்றேன். இந்த வாயால் முதல் தடவை. மஹ்ரூப் சிரிக்கவில்லை. அதுதானே முறை, கேளுங்க என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பதிலுக்கு வருவார்.

நல்ல யோசனையா, இல்லையா? அவர் எப்படிப்பட்டவர் என்று நான் எழுதியதைவிட நீர் ஒருமுறை முகத்தைப் பார்த்தால் கூடத் தெரியும். வியாழக்கிழமை பின்னேர லோஞ்சுக்கு நான் துறையில் நிற்பேன். உமக்குக் கோபம் இன்னும் ஆறாவிட்டால் வர வேண்டாம், என்னில் பிழை இருக்கிறது. உமக்கும் பிள்ளைக்கும் கோணேசர் துணை.

நீர் வராவிட்டால் வெள்ளிக்கிழமை அவரிடம், வீட்டில் இன்னும் பதில் சொல்லவில்லை என்று சொல்லுவேன். அடுத்த வெள்ளியும் அதையே சொல்லுவேன்.

உமது
குணரத்தினம்