வாண்டு ஏன் போனுக்கு வருவதில்லை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். அந்தப் புழுதியிலும் வெயிலிலும் நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம்தான், அதாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி யாருக்கும் ஒன்றும் இல்லை. உன் அம்மாவின் முழங்கால் வலி போன மாதம் மாதிரியே இருக்கிறது, மருமகளுக்கு ஸ்கேன் சென்டரில் ஆள் குறைவு என்று இரண்டு பேர் வேலையைத் தலையில் கட்டியிருக்கிறார்கள், நான் டிரைவிங் ஸ்கூலுக்கு முழுக்குப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே தினமும் போய் யாராவது ஒரு கத்துக்குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து என் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறேன். போன தடவை பேசும்போது நீ கேட்டாய், வாண்டு ஏன் போனுக்கு வரமாட்டேன் என்கிறான், என் மேல் கோபமா என்று. குளித்துக்கொண்டிருக்கிறான் என்று உன் அம்மா சொன்னாள். உன் மகன் குளிக்கவில்லை. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்கு முந்தைய தடவையும் அங்கேதான் இருந்தான். கோபமாக இருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன், ஏழு வயதுக் கோபம் ஒரு பிஸ்கட்டில் அடங்கிவிடும். இது வேறு. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிட்டதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வீடே சுற்றி நிற்கிறது, அதனால்தான் கடிதம். பாதியில் நிறுத்திவிட்டுப் போன் செய்து கத்தாதே, முழுதும் படி.

எல்லாம் அந்தக் கப்பல் பயணத்தில் வந்த வினை. நீதான் ஏற்பாடு செய்தாய், பரீட்சை முடிந்ததும் எல்லோருமாகப் போவோம், நான் நேராகத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றாய். வாண்டு பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தான். மேடம் (உன் மகளைத்தான் சொல்கிறேன், பதினைந்து வயதிலேயே அந்தத் தோரணை வந்துவிட்டது, எனக்கே கொஞ்சம் பயம்தான்) தனக்கு ஒன்றும் பெரிய ஆசை இல்லை என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கடைக்குப் போய் உனக்கென்று ஒரு வெயில் தொப்பி வாங்கிவந்து தன் பையின் அடியில் வைத்திருந்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் நீ போன் செய்தாய், ஏதோ மெஷின் உட்கார்ந்துவிட்டது, சுரங்கத்தில் நீ இல்லாமல் முடியாது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று. உனக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது, எங்களிடம் மட்டும் நன்றாக வரும். போன வருஷமும் இதே கதைதான், அதற்கு முந்தின வருஷமும் வேறு மெஷின். மருமகள் உன் நீலச் சட்டையை இஸ்திரி போட்டுப் பெட்டியில் வைத்திருந்தாள், அதை வெளியே எடுக்கவும் இல்லை.

கப்பல் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஒரு தெருவையே தூக்கித் தண்ணீரில் வைத்த மாதிரி. அறைதான் சின்னது, கூரையிலிருந்து மடக்கி இறக்குகிற படுக்கையில் வாண்டு ஏறிப் படுத்துக்கொண்டு எங்கள் தலையில் சாக்ஸைப் போட்டுக்கொண்டிருந்தான். ஆனால் ஏறின அன்றைக்கே ஒன்று நடந்தது. கப்பல் கிளம்புவதற்கு முன்னால் ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்பது என்று ஒரு பயிற்சி கொடுப்பார்கள், எல்லோரையும் மிதவைச் சட்டையோடு வரிசையில் நிற்க வைத்து அறை அறையாகப் பெயர் கூப்பிட்டார்கள். நீ கடைசி நேரத்தில் வரவில்லை என்றாயே, பட்டியலிலிருந்து உன் பெயரை அவர்கள் எடுக்கவில்லை போல. ஒலிபெருக்கியில் உன் பெயரைக் கூப்பிட்டார்கள், மறுபடியும் கூப்பிட்டார்கள், அந்த ஒருவர் வராமல் ஆரம்பிக்க முடியாது என்று அறிவித்தார்கள். வெயிலில் நின்ற ஜனங்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். வாண்டு குரலை உயர்த்தி, "எங்கப்பா எப்பவுமே வர மாட்டாரு, நீங்க ஆரம்பிங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். மேடத்தின் முகத்தை அப்போது நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு விளையாட்டு அறை, கொண்டுபோய் விட்டால் கையெழுத்து, கூட்டி வந்தால் கையெழுத்து. வளர்ந்த பிள்ளைகளுக்கு மேல்தளத்தில் தனி இடம், பெரியவர்கள் உள்ளே வரக்கூடாது. நான் ஒரு தடவை சும்மா எட்டிப் பார்த்ததற்கு மேடம் அன்று முழுக்க என்னைத் தெரியாதவள் மாதிரி நடந்துகொண்டாள். அங்கே அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள், ஒரு பல் டாக்டரம்மாவின் மகள். அந்த டாக்டரம்மாவின் மகன் வாண்டோடு விளையாட்டு அறையில். நல்ல குடும்பம், சாப்பாட்டு அறையிலும் பக்கத்து மேஜை. நம் மேஜை ஆறு பேருக்கானது. வழுக்கைத் தலை சர்வர் ஒருவர் தினமும் உனக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டு, சார் இன்றைக்காவது வருவாரா என்று கேட்பார். உன் அம்மா உன் நாற்காலியில் தன் கைப்பையை வைத்துக்கொள்வாள், மேஜையில் மிஞ்சின பன் எல்லாம் அந்தப் பைக்குள் போய்விடும், கேட்டால் பிள்ளைகளுக்கு ராத்திரி பசிக்கும் என்பாள். மருமகளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, முதலில் எழுந்திருக்கவே முடியாமல் அறையிலேயே கிடந்தாள், அந்தப் பன் அவளுக்குத்தான் உதவியது.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் போனால் உன் தட்டு இல்லை, நாற்காலியும் இல்லை. உன் அம்மா பையை எங்கே வைப்பது என்று சிடுசிடுத்தாள். அந்த சர்வர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தெரியாமல் தினமும் கேட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். என்னவென்று எனக்குப் புரியவில்லை. சாப்பிட்டு முடித்து வாண்டுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டு நிற்கும்போது டாக்டரம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "மகனைப் பறிகொடுத்துட்டு, இந்தப் பிள்ளைங்க முகம் வாடக் கூடாதுன்னு கப்பலுக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே, உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்றார். மேடம்தான் அவர் மகளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள், நீ இறந்துவிட்டாய் என்று, அது சர்வர் காதுக்கும் போயிருக்கிறது. டாக்டரம்மாவுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி மேடம் நின்றுகொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி என்னைப் பார்த்து நான் பார்த்ததில்லை, உயிரே என் வாயில் இருக்கிற மாதிரி. இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பிள்ளை அத்தனை பேர் முன்னால் பொய்க்காரியாகி நிற்பாள், நடுக்கடலில் இறங்கி எங்கே போவாள்? நான் தலையாட்டினேன். ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் பிரேக் பிடித்தவன் நான், அன்றைக்குப் பிரேக்கிலிருந்து காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வாண்டு பக்கத்தில் ஐஸ்கிரீம் கப்பை நக்கிக்கொண்டு நின்றான். அவன் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

அன்றைக்கே மேடத்தை மேல்தளத்துக்குக் கூட்டிப்போனேன். நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். உனக்கு வாங்கின தொப்பியை அவளே போட்டுக்கொண்டிருந்தாள், கண் தெரியாதபடி கீழே இழுத்துவிட்டுக்கொண்டு. ஏன் இப்படிச் செய்தாய் என்றேன். தொப்பிக்குள்ளிருந்தே சொன்னாள், "அப்பா வரலன்னா ஏன் வரலன்னு கேக்கறாங்க தாத்தா. லீவு கிடைக்கலன்னா போன வருஷமும் கிடைக்கலையான்னு கேக்கறாங்க. செத்துட்டாருன்னு சொன்னேன், அதுக்கப்புறம் யாரும் ஒண்ணும் கேக்கல." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். இறங்கிவிட்டால் இந்த ஜனங்களை யார் பார்க்கப் போகிறோம், இதை இந்தக் கப்பலிலேயே விட்டுவிட்டுப் போவோம் என்றேன். மறுநாள் மருமகள் எழுந்து சாப்பிட வந்தாள். உன் இடத்தில் நாற்காலி இல்லாததைப் பார்த்தாள், ஏன் என்று கேட்கவில்லை, நடுவில் இருந்த இடைவெளி தெரியாதபடி தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எதற்காக எடுத்தார்கள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் மகனே, அவள் ஏன் கேட்கவில்லை என்பதை நீ யோசித்துப் பார்.

திரும்பி வந்த பிறகுதான் வாண்டு போனுக்கு வராமல் போனான். முதலில் பயணக் களைப்பு என்றோம், அப்புறம் அடம் என்றோம், உன் அம்மா வயிற்றில் பூச்சி என்று மருந்துகூடக் கொடுத்தாள். போன சனிக்கிழமை அவனை வண்டி பழகுகிற மைதானத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். பாடம் எடுத்து முடித்த பிறகு அவனை டிரைவர் இருக்கையில் உட்கார வைத்து ஸ்டியரிங்கைத் திருப்பி விளையாட விடுவது வழக்கம். ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான், "தாத்தா, போன்ல அப்பா மாதிரி பேசறாரே, அவரு யாரு?" அடேய், அவர்தானடா உன் அப்பா என்றேன். அவன் என் முழங்காலில் தட்டிக்கொடுத்தான், வண்டி பழகப் புதுசாக வருகிறவர்களுக்கு நான் தட்டிக்கொடுப்பேனே, அதே மாதிரி. "பரவால்ல தாத்தா, எனக்குத் தெரியும். அப்பா செத்துட்டாருன்னு கப்பல்ல அந்த டாக்டரம்மா பையன் சொன்னப்ப நான் நம்பல. அப்புறம் நீங்க தலையாட்டினீங்க." ஸ்டியரிங்கை மறுபடியும் பிடித்துக்கொண்டு, "அம்மாதான் பாவம், அப்பான்னு நினைச்சுப் பேசிட்டு இருக்காங்க. நான் சொல்லல" என்றான்.

இதுதான் விஷயம். உன் மகன் உன்மேல் கோபத்தில் ஒளியவில்லை. நீ இறந்துவிட்டாய் என்று நம்பிக்கொண்டு, அது தன் அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அந்த வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறான். ஏழு வயதில் சுமக்கிற சுமையா இது? நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். மேடத்திடம் சொன்னேன். அவனைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அது அக்கா சொன்ன பொய்டா, சும்மா சொன்னேன்டா என்று கெஞ்சினாள். அப்போது தாத்தா ஏன் தலையாட்டினார் என்று கேட்கிறான். இந்த வீட்டில் நான் ஒருவன்தான் பொய் சொல்லாதவன் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், நான் செய்த ஒரு காரியம் அவனுக்கு வேத வாக்காகிவிட்டது. உன் இப்போதைய படத்தைக் காட்டலாம் என்றால் நீ கடைசியாக அனுப்பின படத்தில் ஹெல்மெட், கண்ணாடி, வாயில் துணி, அதில் இருப்பது நீதான் என்று எனக்கே சந்தேகம். அங்கிருந்து முகம் பார்த்துப் பேசவும் வழியில்லை என்கிறாய். நீ கடைசியாக வந்தபோது அவனுக்கு நாலு வயது, அவனுக்கு உன்னைக் குரலாகத்தான் தெரியும், இப்போது அந்தக் குரலையும் யாரோ என்கிறான்.

மேடத்தை நீ ஒரு வார்த்தை திட்டக் கூடாது, இது என் கண்டிப்பான உத்தரவு. அவள் இதற்குள் போதும் போதும் என்கிற அளவுக்குப் பட்டுவிட்டாள். முந்தாநாள் என்னிடம் வந்து, அப்பாவை வரச் சொல்லி எழுதுங்க தாத்தா என்றாள். அப்பா வர வேண்டும் என்று அவள் வாயால் கேட்டு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? மருமகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை, அது நீயே நேரில் சொல்ல வேண்டியது. அதனால் வந்து சேர். பார்சல் அனுப்பாதே, பொம்மை அனுப்பாதே, அடுத்த லீவுக்கு இன்னொரு கப்பல், இன்னொரு ஊர் என்று ஏற்பாடு செய்யாதே. லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதாதே. இறந்துபோனவன் லீவு கேட்க வேண்டியதில்லை, உயிரோடு இருக்கிறவன்தான் மல்லுக்கட்டிக் கேட்டு வாங்க வேண்டும். மெஷின் நிற்கட்டும், அதற்கு யாராவது வருவார்கள். வருகிற நாளை முன்கூட்டிச் சொல்லாதே, சொல்லிவிட்டு நீ வராமல் போனால் அதற்கு மேல் அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. நேராக வந்து வாசலில் அழைப்பு மணியை அடி. நான் எழுந்திருக்க மாட்டேன், உன் அம்மாவையும் பிடித்து உட்கார வைத்துவிடுவேன். அவனே வந்து திறக்கட்டும்.

நன்றாக இரு, உனக்கு ஒரு குறையும் வராது, நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். உன் அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், நான் எழுதுவது வண்டி இன்ஷூரன்ஸ் விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றை மறக்காதே. ஹாலில் மாட்டியிருக்கிற படத்தில் உனக்கு மீசை இல்லை, அவனுக்குத் தெரிந்த உன் முகம் அது ஒன்றுதான். மீசை வைத்திருந்தால் எடுத்துவிட்டு வா.

உன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அப்பா