நடுக்கோட்டில் ஒரு மைக்

பூலாம்பாடியில் இன்று மதியம் கபடிக் களத்துக்குத் தண்ணீர் தெளித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரச் செம்மண்ணில் சுண்ணாம்புப் பொடி விழும்போது மூக்குக்குள் லேசாகச் சுடுகிற ஒரு வாசனை வருமே, அது வந்ததும் என் வாய் தானாகத் திறந்து உன் பெயரைச் சொல்லப் போனது. நல்லவேளை, மைக்குக்கு இன்னும் இணைப்புக் கொடுக்கவில்லை. சவுண்ட் சர்வீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமிச் சமாளித்துவிட்டு, என் மேசையை மேடையிலிருந்து இறக்கி நடுக்கோட்டுக்கு நேராகப் போடச் சொன்னேன்.

மேடையில் மின்விசிறி இருக்கிறது, நிழல் இருக்கிறது, பிரமுகர்கள் பக்கத்தில் உட்காரலாம் என்றெல்லாம் அவர் எடுத்துச் சொன்னார். நான் மசியவில்லை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஆட்டம் நடத்துகிறவர்களுக்கு என்னுடைய இந்தக் கிறுக்கு பழகிப்போய்விட்டது. டிவியில் பேசுகிற பொண்ணு, சொன்னால் கேட்காது என்று விட்டுவிடுகிறார்கள். காரணம் தெரிந்தவள் நீ ஒருத்திதான். மீதிக் கதையை இன்றைக்கு உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

பெரம்பலூரில் நாம் கல்லூரியில் படித்தபோது எனக்கு ஆட்டமே வராது. ஓடினால் மூச்சிரைக்கும், விழுந்தால் அழுவேன். ஒருநாள் மைக்கில் பேச வேண்டியவர் வராமல் போக, ஆடத்தான் வரவில்லை, வாயாவது ஆடட்டும் என்று நீதான் என்னைப் பிடித்து மேசைப் பக்கம் தள்ளினாய். மேசை அன்று தற்செயலாக நடுக்கோட்டின் ஓரத்தில் கிடந்தது. நான் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். நீ கபடி கபடி என்று பாடிக்கொண்டு போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினாய். கோட்டைத் தாண்டியதும் நெஞ்சில் அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் நீளமாக விடுவாயே, அது என் மைக்கில் விழுந்து மைதானம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். உனக்கு வெட்கமாகிவிட்டது.

அன்று பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நீ அதைச் சொன்னாய். ரைடு போகிறவள் எதிராளிகளைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து வரவேண்டும், திரும்பிப் பார்த்தால் காலைப் பிடித்துவிடுவார்கள், கோடு முதுகுக்குப் பின்னால் எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. "உன் சத்தம் எங்கருந்து வருதோ அங்கதான்டி கோடு இருக்கு. நீ பாட்டுக்குப் பேசிட்டே இரு. நிறுத்திட்டன்னா எனக்குத் திரும்பி வர வழி தெரியாது."

எனக்கு ஒரே பெருமை. பேசுவதற்கு எனக்குச் சொல்லியா தரவேண்டும்? அதற்கப்புறம் நீ ஆடிய எல்லா ஊரிலும் என் மேசை நடுக்கோட்டில்தான் இருந்தது.

நான் ஆசை பிடித்தவள். அதை மறைத்ததில்லை. வீட்டில் வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொன்னார்கள். நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக ஆட்ட முடிவுகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். பெண்கள் கபடி என்றால் இரண்டு வரி, அதுவும் விளம்பரம் வராவிட்டால்தான். ஆபீசில் சண்டை போட்டுவிட்டு வந்து உன்னிடம் புலம்புவேன். உனக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை கிடைக்கவேண்டும். எனக்கு டிவி மைக். நீ இந்தியாவுக்கு ஆடவேண்டும், அதை நான் வர்ணிக்கவேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். இந்தியாவைக் கேட்காமலே செய்த முடிவு.

எனக்குச் சென்னையில் விளையாட்டுச் சேனல் ஒன்றில் வேலை கிடைத்தபோது, நான் கிளம்புவதற்கு முன் உன் கிராமத்துக்கு வரச் சொன்னாய். உச்சிவெயிலில் என்னை வெட்டி முடித்துக் கைவிட்ட அந்தச் சுண்ணாம்புக்கல் பள்ளத்துக்குக் கூட்டிப்போனாய். எவ்வளவு ஆழமென்று சொல்ல முடியாத பச்சைத் தண்ணீர். ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. கரையில் நின்று நாம் பேசியதெல்லாம் எதிர்ச் சுவரில் மோதிக் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது, வேறு யாரோ நம்மைப் போலப் பேசிப் பார்ப்பது மாதிரி. நீ மண்ணிலிருந்து சிப்பி பதிந்த கல் ஒன்றை எடுத்து என் காதில் வைத்தாய். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம், தண்ணீர் போய்விட்டது, சத்தம் உள்ளேயே நின்றுவிட்டது என்றாய். அது வெறும் கல்லுடி, ஒன்றும் கேட்கவில்லை என்றேன். நீ உன் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய். எனக்குப் பயமாக இருந்தது. போகலாம் வா என்று உன் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அந்த மார்கழியில் பனி அதிகம். விடியற்காலையில் நீ அந்தப் பள்ளத்தை ஒட்டிய பாதையில்தான் ஓடுவாய். கை நீட்டினால் கை தெரியாது. மாரியம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டிருப்பார்கள், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்று போனில் அலட்சியமாகச் சொன்னாய். ஒருநாள் கரண்ட் போய்விட்டது. பாட்டு நடுவில் நின்றுவிட்டது. நீ திரும்பி வரவில்லை. பனி விலகிய பிறகு பள்ளத்துத் தண்ணீரில் உன்னைப் பார்த்தார்கள்.

நான் வந்து சேர்ந்தபோது உன் அம்மா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தம் இல்லாமப் போச்சு பாப்பா. சத்தம் இருந்திருந்தா வந்துருப்பா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் பேசிய முதல் ஆட்டம் உடையார்பாளையத்தில். பாதி ஆட்டத்தில் சவுண்ட்காரர் வந்து, மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொன்னார். மூச்சுச் சத்தம் விழுகிறதாம். தள்ளிப் பிடித்தேன். மறுபடியும் வந்தார். வேறு மைக் கொடுத்தார். அதிலும் விழுந்தது. கடைசியில் எனக்கு ஆஸ்துமா இருக்கிறதா என்று அக்கறையாக விசாரித்தார். மைக்கை மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்து ஒலிபெருக்கியைக் கவனித்தேன். யாரோ தூரத்தில் ஓடி வருகிற மூச்சு. அந்த நேரம் களத்தில் ஆளே இல்லை, இடைவேளை.

ஊர் மைதானம், பழைய ஸ்பீக்கர் பெட்டி, ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் சென்னையில் காற்றுகூட நுழையாத ஒலிப்பதிவு அறையில், பதிவான ஆட்டம் ஒன்றுக்கு நான் தனியாகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த பொறியாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "உள்ள உங்ககூட வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் எழுந்து வந்து கதவைத் திறந்து மேசைக்கு அடியில் வரைக்கும் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு என் ஊர் தெரியாது, உன்னைத் தெரியாது. நானும் ஒருமுறை மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பயமாக இருந்தது. அதோடு, உள்ளதைச் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது. நீ வந்துகொண்டிருக்கிறாய். எங்கேயோ பனிக்குள் என் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறாய்.

அன்றிலிருந்து நான் வாயை மூடவில்லை. ரைடுக்கும் ரைடுக்கும் நடுவில் பேசினேன், மூன்றாம் நடுவரின் முடிவுக்குக் காத்திருக்கும்போது பேசினேன், கைதட்டலுக்கு மேல் பேசினேன். நிறுத்தினால் நீ தொலைந்துபோவாய். இது எனக்குத்தான் தெரியும், தயாரிப்பாளர் மேடத்துக்குத் தெரியுமா? நல்ல குரல், ஆட்டம் தெரிந்த பெண், ஆனால் பார்க்கிறவர்களை மூச்சுவிட விடமாட்டேன் என்கிறாள் என்று அவர் சொன்னதாகக் காதில் விழுந்தது. அந்தப் பருவம் முழுக்க பெண்கள் கபடியை நேரலையில் வர்ணிக்கும் வேலைக்கு என்னையும் இன்னொருத்தியையும் போட்டியில் நிறுத்தியிருந்தார்கள். ஒருத்திக்குத்தான் இடம். எனக்கான பரீட்சை ஆட்டம் அரியலூரில் என்று முடிவானது.

போவதற்கு முன் மேடம் என்னை அழைத்து அமைதியாகச் சொன்னார். கடைசி ரைடில் நான் ஒரு வார்த்தை பேசக்கூடாது. களத்தின் சத்தம் மட்டும் வரவேண்டும். அதைக்கூட என்னால் செய்ய முடியாதென்றால் அந்த இடம் மற்றவளுக்கு.

சரி மேடம் என்று சொல்லிவிட்டு வந்து பாத்ரூமில் நின்று அழுதேன். எத்தனை நாள் ஆசைப்பட்ட வேலை, உனக்குத் தெரியும். நீயும் கூடச் சேர்ந்து ஆசைப்பட்ட வேலை. அதை வாங்க உன்னை அந்தப் பள்ளத்தோரம் நடு வழியில் விட்டுவிட்டு வரவேண்டும். கோபம் வந்தது. மேடம் மேல் வந்தது, கரண்ட் மேல் வந்தது, செத்துப்போன உன் மேலும் வந்தது.

அரியலூருக்கு உன் அம்மாவும் வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை, பேப்பரில் பார்த்தாராம். எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மாலை வெயில் சாய்ந்திருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய வெள்ளைத் தூசு வேப்பமரத்தில் படிந்து, காற்றடிக்கும்போதெல்லாம் களத்தின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. ஹெட்போனில் உன் மூச்சு முதல் நிமிடத்திலிருந்தே இருந்தது. நான் அதற்கு மேல் பேசிக்கொண்டே இருந்தேன்.

கடைசி ரைடு. உள்ளூர் அணி ஒரு புள்ளி பின்னால். ஒல்லியாக ஒரு பெண் கபடி கபடி என்று பாடிக்கொண்டு போனாள். ஹெட்போனில் சென்னையிலிருந்து மேடம், "இப்ப" என்றார். ஒரு நொடி நான் பேசத்தான் போனேன். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டேன். மன்னித்துக்கொள் என்று மனசுக்குள் சொன்னேன்.

அந்தப் பெண் மூலைவரை போனாள். தொடுவதற்குள் நான்கைந்து பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். விசில் ஊதியாயிற்று. உள்ளூர் தோற்றதால் கூட்டம் அப்படியே வாயடைத்துப் போயிற்று. அவள் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தாள். பாட்டு மட்டும் நிற்கவில்லை.

கபடி கபடி கபடி. மெதுவாக, களைத்துப்போய், ஆனால் விடாமல். இவ்வளவு நாளும் நான் என் குரலால் அதை மூடிக்கொண்டே இருந்திருக்கிறேன், இவ்வளவு தெளிவாக ஒருநாளும் கேட்டதில்லை. அது மூலையிலிருந்து புறப்பட்டு எங்களை நோக்கி வந்தது. பின்னோக்கி வருகிற நடை, விரல்கள் முதலில் பதிகிற உன் நடை. நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே தூசைத் தவிர ஒன்றும் இல்லை. கோட்டருகே வந்ததும் பாட்டு நின்றது. அடுத்து அந்த மூச்சு வந்தது, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் நீளமாக விடுகிற மூச்சு.

பின்னாலிருந்து உன் அம்மா என் தோளைத் தொட்டார். அவர் காதில் ஹெட்போன் இல்லை.

"வந்துட்டா" என்றார்.

வேலை எனக்குத்தான் கிடைத்தது. அந்தக் கடைசி அமைதியை மேடம் இன்றும் புதிதாக வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார். ரைடர் விழுந்த பிறகும் மூச்சுச் சத்தம் வருகிறதே, எந்த மைக்கில் எடுத்தீர்கள் என்று கேட்டார். என் மேசை மைக்கில்தான் என்றேன். பொய்யில்லை. உன் அம்மா நன்றாகத் தூங்குவதாகப் போனில் சொன்னார். கோயில் குழாய்க்கு ஊரில் பேட்டரி வாங்கி வைத்துவிட்டார்களாம், இனி மார்கழியில் கரண்ட் போனாலும் பாட்டு நிற்காதாம்.

இன்று பூலாம்பாடியில் ஆட்டம் முடிந்ததும் சவுண்ட்காரர் வந்து, என் மைக்கில் சத்தம் ரொம்பச் சுத்தமாக விழுந்ததென்று பாராட்டினார். இப்போதெல்லாம் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அரியலூருக்குப் பிறகு ஒருவர்கூட மூச்சைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. நீ வீடு போய்ச் சேர்ந்துவிட்டாய், எனக்குச் சந்தோஷப்படத் தெரிய வேண்டும். தெரியவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசி ரைடுக்கு நான் பேச்சை நிறுத்திவிடுகிறேன். அழகாக இருக்கிறது, அனுபவம் என்கிறார்கள். நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். களத்திலிருக்கிற பெண்ணின் மூச்சு மட்டும் கேட்கிறது. அப்புறம் என் மூச்சு.