கரையடியில் வாடாத புல்

அன்பு மகன் இளம்பரிதிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நடமாட்டத்தோடு இருக்கிறோம் சாமி. கடல் தாண்டி இருக்கும் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும், எனக்கு அது போதும். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன், பக்கத்துக் காட்டுக் கலைமதி இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

உன் தாத்தா நம் காட்டில் ஓடையை மறித்துக் கட்டிய மண் அணையைப் பார்க்க, போன மாதம் சுகுணா என்று ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். தனியார் நிலத்தில் இருக்கும் சின்ன அணைகளுக்கெல்லாம் ஆபத்துத் தரம் போடுகிறார்களாம். நம்முடையதற்கு அதிக ஆபத்து என்று போட்டுவிட்டாள். அப்பாவுக்கு வந்ததே கோபம், எத்தன மழைக்கு அசையாத கரைம்மா இது என்று சத்தம் போட்டார். கரை எப்படி இருக்குன்னு மட்டும் பாக்கறதில்லைங்க, ஒடஞ்சா கீழ யாரு உசுரு போகும்னுதான் மொதல்ல பாப்போம் என்றாள் அவள். கீழே ஓடையோரம் குடியிருப்பது நம் காட்டு வேலைக்கு வரும் சாலம்மாள் குடும்பம்தானே. மருமகள் பச்சைக் குழந்தையோடு வந்திருக்கிறாள், வீட்டில் தொட்டில் ஆடுகிறது.

பிறகு சுகுணா கரையடியில் உன் அக்காவின் புங்கமரத்துக்குக் கீழே போய் நின்றாள். அன்பரசி காய்ச்சலில் போனபோது நீ கைக்குழந்தை. பிள்ளைக்குத் தாகம் எடுக்கக் கூடாது என்று அப்பா அவளைத் தண்ணீருக்குப் பக்கமாக அங்கே அடக்கம் செய்து மரம் வைத்தார். சித்திரை வெயிலிலும் அங்கே மட்டும் புல் பச்சையாக இருக்குமே, அவள்தான் குளிர்ந்து கிடக்கிறாள் என்று வெள்ளிக்கிழமை விளக்கு வைப்போமே, அந்தப் புல்லை சுகுணா காலால் அழுத்தினாள். தண்ணீர் ஊறி வந்தது. மரத்து வேர் கரைக்குள் ஓடி, அது வழியாக அணைத் தண்ணீர் கசிகிறதாம். தண்ணீரை வடித்து, மரத்தை வேரோடு தோண்டி, களிமண் போட்டுக் கெட்டித்துக் கட்டாவிட்டால் அடுத்த பெருமழைக்குக் கரை நிற்காதாம். எம் புள்ளமேல கடப்பாறை போட வுடமாட்டேன் என்று அப்பா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். அன்று சாயங்காலம் சாலம்மாள் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மரத்த வெட்டாதீங்க, நாங்க வூட்ட வுட்டு எங்கனா போயிக்கறோம், அவ எங்களுக்கும் புள்ளதானுங்க என்றாள். அப்பா அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் மதகைத் திறந்துவிட்டார்.

இப்போது அணையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. புதன்கிழமை மரம் வெட்ட ஆள் வருகிறது. அந்தப் புல்லும் மஞ்சளாகிவிட்டது சாமி. இத்தனை வருஷமும் அது அவள் இல்லை, வெறும் கசிவு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ பிள்ளைகுட்டியோடு நூறு வயது வாழ வேண்டும். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். புதன்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் பண்ணு. தினமும் காலையில் போர்வெல் தண்ணீரை ஒரு குடம் சுமந்துபோய் அந்தப் புல்லுக்கு ஊற்றிவிட்டு வருகிறார். எதற்கு என்று மட்டும் கேட்டுவிடாதே.

உன் அம்மா
ராமக்காள்